கடலடியின் இயல்பறிந்த ஜேம்ஸ் ஹோர்னெல்

புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை வடக்கே குதிரைமலை முனையில் தொடங்கிப் போர்த்துக்கல் குடாவையும் ஒல்லாந்தர் குடாவையும் தழுவி, கற்பிட்டித் தீபகற்பத்தின் மணல்மேடுகளைக் கடந்து, உடப்பையும் சிலாபத்தையும் தொட்டுத் தெற்கு நோக்கிச் செல்கின்றது. இக்கரையின் பழம்பெருமை முத்தினால் வந்தது. முத்துக்குளிப்பை நம் முன்னோர் சலாபம் என்று வழங்கினர். சிலாபம் என்னும் ஊர்ப்பெயரே அச்சொல்லின் திரிபு என்பாரும் உளர். உரோமர் நூல்கள் குறிக்கும் ஹிப்புரோஸ் என்ற துறை நம் குதிரைமலையே என்பது அறிஞர் சிலர் கருத்து. கொற்கையின் முத்தைப் பாடிய சங்கப் புலவர் காலந்தொட்டு, மன்னார்க் குடாக்கடலின் இரு கரைகளையும் உலகம் முத்தினாலேயே அறிந்து வந்துள்ளது.

ஆனால், இக்கடல் கொடுப்பதிலும் மறுப்பதிலும் ஓர் ஒழுங்கு இருப்பதாக எவருக்கும் தோன்றியதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் வாரி வழங்கும். பின்பு பல்லாண்டுகள் கைவிரித்துவிடும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1768 முதல் 1796 வரை முத்துக்குளிப்பே இல்லை. பிரித்தானியர் ஆட்சியில் 1837-இன் பின் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் கடல் வெறுமையாய்க் கிடந்தது. மீண்டும் 1891-இன் பின் அதே நிலை வந்தது. குளிகாரரின் களவே காரணம் என்றனர் சிலர். அளவு மீறி அள்ளியதன் பயன் என்றனர் வேறு சிலர். தெய்வக் குற்றம் என்று அஞ்சினோரும் இருந்தனர். மெய்யான காரணத்தின் பெரும்பகுதி கடலின் ஆழத்திலும் நீரின் அசைவிலும் இருந்தது. இதனைப் பார்தோறும் தேடி, ஆண்டுதோறும் அளந்து காட்டியவருள் முதன்மையானவர் ஜேம்ஸ் ஹோர்னெல். சங்கின் வரலாற்றையும் தமிழர் தோணிகளின் வரலாற்றையும் எழுதியவராக அவரைப் பலர் அறிவர். அவ்வறிஞரின் வாழ்வில் புத்தளத்துக் கடலுக்கும் ஓர் இடம் உண்டு.

பாசிக் காடுகளின் தீவில்

ஹோர்னெல் 1865-ஆம் ஆண்டு பிறந்த ஆங்கிலேயர். அவருடைய முதற் பயிற்சிக்களம் பிரான்சு நாட்டுக் கரைக்கு அண்மையிலுள்ள ஜேர்சித் தீவு. அங்கே ஜோசப் சினெல் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து 1893-இல் ஒரு கடல் உயிரியல் நிலையத்தை அமைத்தார். கடல் உயிர்களை நுண்பெருக்கிக் கண்ணாடியில் காண்பதற்கு ஏற்றவாறு பதப்படுத்தி, பள்ளிகளுக்கும் ஆய்வாளர்க்கும் விற்பது அந்நிலையத்தின் தொழில். அதனுடன் கடல் உயிரியலுக்கும் நுண்பெருக்கி ஆய்வுக்குமான ஒரு சஞ்சிகையையும் அவர் நடத்தினார். அரசின் உதவியோ பெருநிதியோ இல்லாத அச்சிறு நிலையத்தில் கடலடியின் உயிர்களைக் கையால் எடுத்து, கண்ணால் நோக்கி, பெயரிட்டு அடுக்கும் பழக்கம் அவர்க்கு உறுதிப்பட்டது.

ஜேர்சித் தீவின் கடல் நம் கடலினின்றும் முற்றும் வேறானது. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு மூன்றடிக்கும் குறைவு. அங்கோ பெருவெள்ள நாட்களில் அது நாற்பது அடியை எட்டும். நீர் வற்றும்போது கரையோரப் பாறை நிலம் வெகுதூரம் வெளிப்பட்டுக் கிடக்கும். அப்பாறைகளில் கடற்பாசிகள் படிப்படியாக அணிவகுத்திருப்பதை அத்தீவின் சிறுவரும் அறிவர். வெயிலையும் காற்றையும் பொறுப்பவை மேற்படியில் இருக்கும். அவற்றின் கீழே வேறோர் இனம். எல்லாவற்றுக்கும் அடியில், கடல் மிகவும் வற்றிய வேளையில் மட்டும் தலைகாட்டும் இடத்தில், தோல்வார் போன்ற நீண்ட இலைகளுடன் கெல்ப் என்னும் பெரும்பாசி தொடங்கும். அலை கரையில் ஒதுக்கும் பாசியை வண்டிகளில் ஏற்றிச் சென்று வயலுக்கு எருவாக இடுவது அத்தீவு உழவரின் தொன்றுதொட்ட வழக்கம். ஆகவே, எந்த ஆழத்தில் எது வளரும், எந்தப் புயலின் பின் எது கரை சேரும் என்பது அவர்களுக்கு வாழ்க்கைக் கல்வியாகவே இருந்தது.

கெல்ப் பாசியைப் பற்றி ஈண்டுச் சிறிது விரித்துரைத்தல் பொருந்தும். ஏனெனில், பின்னர் நம் கடலில் முத்துச்சிப்பிக்குக் கண்ட உண்மை அப்பாசிக்கும் பொதுவானது. குளிர்ந்த கடல்களின் பாறைத் தளங்களில் கெல்ப் காடாகவே வளர்கின்றது. கலிபோர்னியாக் கரையில் உள்ள பேரினம் நூறு அடிக்கு மேல் நீண்டு, தக்க காலத்தில் ஒரே நாளில் ஒரு முழம் வளரும். அக்காட்டின் எல்லையை வகுப்பவை இரண்டு. முதலாவது ஆழம். தாவரத்துக்கு ஒளி வேண்டும். நீர் ஆழ ஆழ ஒளி குன்றும். ஓரளவுக்குக் கீழே இளம்பாசி உயிர் வாழாது. இரண்டாவது நீரின் அசைவு. பாசிக்கு மண்ணிலிருந்து உணவுறிஞ்சும் வேர் கிடையாது; அது பாறையைப் பற்றிக்கொள்ளும் பற்றுறுப்பு மட்டுமே உடையது. உணவுச் சத்தை இலைப்பரப்பு முழுவதாலும் நீரிலிருந்தே பெறுகின்றது. நீர் அசையாமல் நின்றால், இலையைச் சூழ்ந்த மெல்லிய நீர்ப்படலத்திலுள்ள சத்துத் தீர்ந்துபோகும். புதிய சத்து விரைந்து வந்து சேராது. நீர் ஓடும்போது அப்படலம் மெலிந்து உணவு எளிதில் உட்செல்லும். எனவே, ஓட்டமுள்ள இடத்திலே பாசி செழிக்கும்.

அதே ஓட்டம் மிகுந்தால் பற்றுறுப்போடு பாசியைப் பெயர்த்தெறியும். இதற்கேற்பவே பாசிகளின் உருவமும் அமைகின்றது. அமைதியான நீரில் வளரும் கெல்ப்பின் இலை அகன்று, விளிம்பு சுருங்கி, அசைவில்லாத நீரையும் சிறிது கலக்கிக்கொள்ளும். அலை மோதும் இடத்தில் வளரும் அதே இனத்தின் இலை ஒடுங்கித் தடித்து, நீருக்கு வழிவிட்டுச் சாயும். ஊட்டுவதும் உலைப்பதும் ஒரே நீர்தான்; இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு எங்கே அமைகின்றதோ அங்கே காடு நிற்கின்றது.

இலங்கைக்கு வருகை

1891-க்குப் பின் இலங்கை அரசின் கருவூலத்துக்கு முத்து வருவாய் அற்றுப்போயிற்று. பார்களில் இளஞ்சிப்பிகள் தோன்றுவதும் பருவம் எய்துமுன் மறைவதுமாகவே ஆண்டுகள் கழிந்தன. இதற்கு முன்னரும் ஒரு விஞ்ஞானி இவ்வினாவை ஆராய்ந்ததுண்டு. இலங்கையிற் பிறந்த மருத்துவர் எட்வர்ட் பிரெடெரிக் கெலாட், 1857 முதல் 1859 வரை திருகோணமலையில் முத்துச்சிப்பியின் வாழ்க்கையை ஆராய்ந்து, இளஞ்சிப்பி தன்னைப் பிணைத்திருக்கும் நார்க்கற்றையை உதறிவிட்டு இடம்பெயர்ந்து மீண்டும் ஒட்டிக்கொள்ள வல்லது என்பதைக் கண்டறிந்தார். 1860-இல் அவர் இறந்தமையால் அப்பணி தொடரவில்லை.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின், லிவர்ப்பூலில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹேர்ட்மன் இப்பணிக்கு அழைக்கப்பட்டார். தமக்குத் துணைவராக அவர் தேர்ந்துகொண்டவர் ஹோர்னெல். இருவரும் 1902-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கை சேர்ந்தனர். லேடி ஹவ்லொக் என்ற நீராவிக்கப்பலில் ஏறி மன்னார்க் குடாக்கடலின் பார்களை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். நூற்குண்டு இட்டு ஆழம் அளந்தனர். இரும்பு வாரிகளால் அடித்தளத்தைச் சுரண்டியெடுத்தனர். குளிகாரரை இறக்கிக் கல்லும் மணலும் சிப்பியும் கொணரச் செய்தனர். சில மாதங்களில் ஹேர்ட்மன் தாயகம் திரும்பினார். ஹோர்னெல் இங்கேயே தங்கினார். காலியில் அமைந்த ஆய்வுகூடத்தையும் பார்களின் மேற்பார்வையையும் அவரே ஏற்றார். ஹேர்ட்மன் பெயரால் 1903 முதல் 1906 வரை ஐந்து பெருந்தொகுதிகளாக அரச கழகத்தார் வெளியிட்ட ஆய்வறிக்கையின் பின்னணியில், ஹோர்னெல் கடலிற் கழித்த நாட்கள் பல உண்டு.

பெரிய பாரின் புதிர்

கடலடியில் பாறையும் சுண்ணக்கல்லும் திட்டாக அமைந்த இடத்தை நம்மவர் பார் என்பர். மன்னார் முதல் புத்தளம் வரையுள்ள கரைக்கு அப்பால், கடல் ஒரு மேடை போலப் பத்துப் பாக ஆழம் வரை மெல்லச் சரிந்து செல்கின்றது. அம்மேடையின் மேற்கு விளிம்பைத் தாண்டியதும் அடித்தளம் திடீரென நூறு பாகத்துக்கும் அப்பாலும் வீழ்ந்துவிடும். வடக்கே அகன்றிருக்கும் இம்மேடை தெற்கே வர வர ஒடுங்கி, கற்பிட்டிப் பக்கத்தில் ஆழ்கடல் கரையை நெருங்கி வருகின்றது. இன்று கற்பிட்டிக் கரையிலிருந்து படகிற் செல்வோர் பெருந்திமிங்கிலங்களைக் காண்பதற்கும் அவ்வாழமே காரணம்.

மேடையின் வெளிவிளிம்பில், கரையிலிருந்து பதினைந்து இருபது மைல் தொலைவில், ஏறத்தாழ பதினொரு கடல்மைல் நீண்டு கிடப்பது பெரிய பார். அதன் ஆழம் ஏழு முதல் பத்துப் பாகம். இப்பாரில் இளஞ்சிப்பி பெருகுவது போல வேறெங்கும் பெருகுவதில்லை. 1880-க்கும் 1902-க்கும் இடையில் பதினொரு முறையேனும் அது சிப்பியால் நிறைந்தது. ஆயினும், ஒரு முறையேனும் அங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. குளிகாரர் இதற்குத் தாய்ப் பார் என்று பெயரிட்டிருந்தனர். இங்கே தோன்றும் குஞ்சுகளே உட்பார்களுக்குச் சென்று அவற்றை நிரப்புகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை.

1902 மார்ச்சில் இருவரும் இப்பாரைச் சோதித்தபோது கோடானுகோடி இளஞ்சிப்பிகள் பரந்து கிடந்தன. அவை நிலைத்து வளர்ந்திருப்பின் அரசின் வறுமை தீர்ந்திருக்கும். சோளகக் காற்று எழுந்து ஓய்ந்த பின், அதே ஆண்டின் இறுதியில் ஹோர்னெல் மீண்டும் சென்று பார்த்தார். சிப்பிகளைக் காணவில்லை. எவரும் குளித்தெடுக்காத, எவரும் திருடாத பார், ஒரு பருவக்காற்றில் வெறுமையாகிவிட்டது.

இவ்வெறுமையே புதிரை அவிழ்த்தது. பெரிய பார் மேடையின் விளிம்பில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று எழுப்பும் பேரலை ஆழ்கடலின் மேல் தடையின்றி வந்து, முதன்முதல் மோதும் நிலம் அதுவே. பத்துப் பாகம் என்பது அலையின் ஆட்டம் அடியைத் தீண்டாத ஆழமாகாது. அடிமணல் கிளறப்படும், சிறு கற்களிலும் பாசித் துண்டுகளிலும் நார்க்கற்றையால் ஒட்டியிருக்கும் இளஞ்சிப்பி, பற்றிய பொருளோடு புரட்டப்படும். ஒரு பகுதி மணலிற் புதைந்து மூச்சடைத்து இறக்கும்; ஒரு பகுதி விளிம்பிலிருந்து உருண்டு, தான் வாழ இயலாத ஆழத்தில் வீழும்.

உட்புறத்திலுள்ள செவல், மோதரகம் முதலிய பார்களின் ஆழமும் பெரிய பாரின் ஆழத்தினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. எனினும், அவற்றை அடையுமுன் அலை பல மைல் தூரம் மேடையின் மேல் உராய்ந்து வலியிழந்துவிடும். ஆகவே, ஓரிடத்தின் ஆழத்தை மட்டும் அளந்தால் போதாது. அதன் அயலிலுள்ள ஆழத்தையும், அங்கே நீர் எத்திசையிலிருந்து எவ்வளவு வேகத்துடன் வருகின்றது என்பதையும் சேர்த்தே கணிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் பார்களைத் திரும்பத் திரும்பச் சோதித்ததன் பயனாகக் கிடைத்த தெளிவு இது.

குளிகாரரின் தாய்ப் பார்க் கொள்கையை ஆய்வாளர் அப்படியே ஏற்கவில்லை. பாறையில் ஒட்டி வளர்ந்த சிப்பிகள் பல மைல் ஊர்ந்து உட்பார்களை அடையும் என்பதற்குச் சான்றில்லை. ஆயினும், அந்நம்பிக்கை முழுதும் வெறுமை என்று தள்ளத்தக்கதன்று. முட்டையிலிருந்து வெளிப்பட்ட சிப்பியின் குடம்பி சில வாரங்கள் நீரில் மிதந்து ஓட்டத்தோடு செல்லும். எங்கே திடமான தளம் வாய்க்கின்றதோ அங்கே ஒட்டும். ஒரு பாரின் சந்ததி இன்னொரு பாரில் குடியேறுவது இவ்வாறே. விஞ்ஞானக் கருவி ஒன்றும் இல்லாமல், கல்லைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட காலம் மட்டும் கடலடியிற் கழித்த பரவரும் கீழக்கரை முஸ்லிம்களும் பார்களுக்கிடையே ஓர் உறவு உண்டென்று உணர்ந்தது வியக்கத்தக்கதே.

சிப்பி அசையாமல் இருந்து, நீர் கொண்டுவரும் நுண்ணுயிர்களை வடித்து உண்பது. ஓட்டமில்லாத நீரில் அது பட்டினி கிடக்கும். ஓட்டம் மிகுந்தால் பெயர்க்கப்படும். ஜேர்சித் தீவின் கெல்ப் பாசிக்கும் பெரிய பாரின் சிப்பிக்கும் ஒருவகை உறவுமில்லை. எனினும், ஒரு பாறையைப் பற்றி வாழும் உயிர் என்ற அளவில் இரண்டையும் ஆள்வது ஒரே விதி.

நம் கடற்பாசிகள்

நம் கடலில் கெல்ப் காடு இல்லாமைக்குக் காரணம் பாறை இல்லாமையன்று, நீரின் வெப்பமே. குளிர்நீருக்குரிய அப்பாசியை வெப்பக் கடலின் மேற்பரப்பு வாட்டிவிடும். சத்தும் அங்கே குறைவு. வெப்ப மண்டலத்திலும் ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலெழுந்து, ஒளியும் தெளிவாக இறங்கும் இடங்களில் கெல்ப் வாழக்கூடும் என்று விஞ்ஞானிகள் கணித்து, கலாபகோஸ் தீவுகளின் ஆழ்நீரில் அதனைக் கண்டதாக 2007-இல் வெளியிட்டனர். ஆழமும் நீரசைவும் சேர்ந்து வெப்பத்தையே வெல்லலாம் என்பதற்கு அது சான்று.

நமக்குரியது அதன் உறவினமான சர்காசப் பாசி. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பாறைகளில் அலையின் ஆட்டத்தைத் தாங்கி அது வளர்கின்றது. கரைக்கு உட்புறத்திலோ நிலைமை வேறு. புத்தளம் களப்பு ஆழமற்றது. மணல் நாக்கினால் காக்கப்பட்டு அமைதியாயுள்ளது. அங்கே பற்றுறுதி குறைந்த மெல்லிய கஞ்சிப்பாசி வளர்கின்றது. இலங்கைப் பாசி என்ற பெயரால் பண்டே வெளிநாடு சென்ற சரக்கு அதுவே. சில மைல் இடைவெளியில் இருவேறு பாசியுலகங்கள் அமைவதற்கு இடையிலுள்ள மணற்கரையும், அது அலையைத் தடுப்பதுமே காரணம்.

ஹோர்னெல் இங்கே பணியாற்றிய அதே காலத்தில், சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் நில்ஸ் ஸ்வெடெலியஸ் இலங்கைக் கரைகளில் பாசிகளை ஆராய்ந்தார். கோலர்ப்பா என்னும் பச்சைப் பாசி இனங்களைப் பற்றிய அவருடைய கட்டுரை, இலங்கைக் கடல் உயிரியல் அறிக்கைகள் என்ற வரிசையில் 1906-இல் வெளிவந்தது. சேற்றிலும் மணலிலும் வாழும் கோலர்ப்பாவையும், அலை மோதும் பாறையிலும் பவளத்திலும் வாழும் கோலர்ப்பாவையும் அவர் தனித்தனி வகுப்பாகப் பிரித்து, வாழிடமும் நீரசைவும் அவற்றின் வடிவை எவ்வாறு வேறுபடுத்துகின்றன என்று காட்டினார். சிப்பியைத் தேடிய நோக்கில் தொடங்கிய ஆய்வு, இவ்வாறு கடலடி முழுவதையும் விளக்கும் ஆய்வாக விரிந்தது.

செல்வமும் வீழ்ச்சியும்

1903-இல் கடல் மீண்டும் கொடுக்கத் தொடங்கிற்று. உட்பார்களிற் பிழைத்திருந்த சிப்பிகள் பருவமெய்தின. 1905-ஆம் ஆண்டுச் சலாபத்தில் எடுத்த சிப்பிகள் எட்டுக் கோடிக்கு மேற்பட்டன. ஆளில்லாத மரிச்சுக்கட்டிக் கரையில் பல்லாயிரவர் கூடி ஒரு நகரமே எழுந்தது. குளித்தெடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு குளிகாரர்க்கும், இரண்டு பங்கு அரசுக்குமாகப் பிரித்து, அரசின் பங்கை ஏலம் விட்டனர்.

பெருவெற்றி தவறான நம்பிக்கையைப் பிறப்பித்தது. ஆய்வறிக்கை விதந்துரைத்த வழிகள் சில: நெருங்கிக் கிடக்கும் சிப்பிகளைக் கலைத்தல், ஒட்டுவதற்குக் கற்களை இடுதல், பெரிய பாரின் இளஞ்சிப்பிகளை அலை வருமுன் அள்ளிக் காப்பான உட்பார்களிற் சேர்த்தல். இவற்றால் கடலடியைத் தோட்டம் போலப் பயிர் செய்யலாம் என்று பலர் எண்ணினர். 1906-இல் இலங்கை முத்துக்குளிப்போர் கும்பனி என்ற நிறுவனம், ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா வாடகையில் இருபது ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பின் சிப்பி அற்றது. குத்தகைக் காலம் முடிவதற்கு வெகு முன்பே கும்பனி கலைந்தது. மறுபடியும் சலாபம் கூடியது 1925-இலேதான்.

இதனால் துன்புற்றோர் பங்குதாரர் மட்டுமல்லர். தூத்துக்குடி முதல் மன்னார் வரை, தலைமுறை தலைமுறையாகச் சலாபத்தை நம்பி வாழ்ந்த குளிகாரர் குடும்பங்கள் வேறு தொழில் தேட நேர்ந்தது. கடலடியை எல்லைக்கல் நட்டுக் குத்தகைக்கு விடலாம். சோளகத்தின் அலையையும் அது புரட்டும் மணலையும் எந்த உடன்படிக்கையாலும் கட்டுப்படுத்த இயலாது. இளஞ்சிப்பியை இடம் மாற்றும் திட்டம் கருத்தளவிற் செம்மையானது. பதினொரு மைல் நீளமுள்ள பாரிலிருந்து பருவம் மாறுமுன் கோடிக்கணக்கானவற்றைப் பெயர்த்து நடுவதோ அக்காலத்து ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

ஆய்வின் மற்றொரு முடிவும் காலத்தை முழுதும் வெல்லவில்லை. நாடாப்புழு இனத்தின் குடம்பி சிப்பியுள் நுழைவதே நன்முத்துத் தோன்றுவதற்குக் காரணம் என்று ஹேர்ட்மனும் ஹோர்னெலும் கருதினர். லிஸ்டர் ஜேம்சன் என்ற ஆய்வாளர் 1912-இல் இதனை மறுத்தெழுதினார். பிற்கால ஆய்வு, சிப்பியின் மேற்றோல் உயிரணுக்கள் உள்ளே இடம்பெயர்ந்து பையாகச் சூழ்வதே முத்துக்கு மூலம் என்று நிறுவிற்று. ஆனால், பார்களின் அமைப்பையும் பருவக்காற்றையும் பற்றி அவர்கள் கண்ட உண்மை நிலைத்து நின்றது.

தமிழகக் கரையில்

இலங்கைப் பணியின் பின் ஹோர்னெல் சென்னை மாகாண அரசின் மீன்துறையிற் சேர்ந்தார். பிரெடெரிக் நிக்கல்சன் அடித்தளமிட்ட அத்துறையில் முத்து, சங்கு ஆகியவற்றின் பொறுப்பேற்றுத் தூத்துக்குடிக் கடலை நன்கறிந்தார். பின்னர் அத்துறையின் இயக்குநராக உயர்ந்து, 1924-இல் ஓய்வு பெற்றார். இடையே பரோடா அரசின் வேண்டுகோளுக்கு இணங்கி ஓகாமண்டலக் கடலின் உயிர்களை ஆராய்ந்து அறிக்கை அளித்தார்.

தமிழர் என்றும் நன்றியுடன் நினைக்கத்தக்க நூல், 1914-இல் அவர் வெளியிட்ட இந்தியாவின் புனிதச் சங்கு பற்றியது. சங்கு வாழும் மணற்படுகை எத்தகையது, அதனை எவ்வாறு குளித்தெடுக்கின்றனர் என்பதில் தொடங்கி, வங்காளத்தில் அது வளையாக அறுக்கப்படுவது, திருக்கோயிலிலும் மணவறையிலும் ஈமத்திலும் அதன் இடம் ஆகிய அனைத்தையும் அந்நூல் கூறுகின்றது. பழைய கொற்கையின் நிலத்தில் அறுபட்ட சங்குத் துண்டுகளைத் தேடியெடுத்து, அங்கே பண்டு வளைத்தொழில் நடைபெற்றதற்குச் சான்று காட்டினார். இலக்கியம் கூறிய செய்திக்கு மண்ணிலிருந்து சாட்சி தேடும் முறை இன்று நமக்குப் பழகியது. கடல் உயிரியல் அறிஞர் ஒருவர் அன்றே அதனைச் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

சிப்பியிலிருந்து சங்குக்கும், சங்கிலிருந்து அதனை ஏற்றிவரும் தோணிக்கும் அவருடைய கருத்துச் சென்றது. இந்தியப் படகுகளின் தோற்றத்தைப் பற்றி 1920-இல் அவர் எழுதிய ஆராய்ச்சி, கட்டுமரம், வள்ளம், புறத்துணைக்கட்டை பூண்ட ஓடம் ஆகியவற்றை அலையோடும் கரையோடும் பொருத்தி ஆராய்கின்றது. நுரையலை மோதும் சோழமண்டலக் கரையில் கட்டுமரமும், அமைதியான பாக்குநீரிணையில் அகன்ற தோணியும் வழங்குவதன் பொருத்தத்தை அவர் நன்குணர்ந்திருந்தார். நீரின் அசைவு பாசிக்கு வடிவு கொடுப்பது போலவே, மனிதன் செய்யும் மரக்கலத்துக்கும் வடிவு கொடுக்கின்றது. இப்படகுகளிற் சில பசிபிக் தீவினரின் தொடர்பால் வந்தவை என்ற அவருடைய கொள்கை இன்றும் வாதத்துக்குரியது. அவர் வரைந்து வைத்த விவரங்களோ மறைந்துபோன கலங்கள் பலவற்றுக்கு எஞ்சிய சான்று.

ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓயவில்லை. 1924-இல் புறப்பட்ட சென்ட் ஜோர்ஜ் என்ற கப்பலில் பசிபிக் தீவுகளுக்குச் சென்றார். மானிடவியல் அறிஞர் ஹட்டனுடன் சேர்ந்து அத்தீவுகளின் தோணிகளைப் பற்றிய மூன்று தொகுதிகளை 1936 முதல் 1938 வரை வெளியிட்டார். உலகின் நீர்ப்போக்குவரத்து வரலாற்றை 1946-இல் நூலாக்கினார். 1949-இல், தம் எண்பத்து நான்காம் வயதளவில் காலமானார்.

எஞ்சி நிற்கும் பாடம்

ஹோர்னெல் கண்ட சலாபம் இன்று இல்லை. இலங்கையில் இறுதியாக 1958-இலும், தூத்துக்குடியில் 1961-இலும் முத்துக்குளிப்பு நடைபெற்றது. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பவளப்பார் 1992-இல் கடற் சரணாலயம் ஆயிற்று. 1998-இல் கடல் வெப்பம் மிகுந்தபோது, அப்பாரின் ஆழம் குறைந்த பகுதிகளில் பவளம் பெரும்பாலும் வெளிறி மடிந்தது. ஆழத்திலிருந்தவை அவ்வளவு கேடுறவில்லை. ஆழத்தின் ஆட்சி அங்கும் வெளிப்பட்டது.

கடற்பாசி வளர்ப்பு மன்னார்க் குடாவின் இரு கரைகளிலும் இக்காலத்தில் ஊக்குவிக்கப்படுகின்றது. வறிய மீனவர்க்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, அது வருவாய் தரும் தொழில். மிதவையை எந்த ஆழத்தில் கட்டுவது, நீர் மெல்ல ஓடும் இடத்தை எவ்வாறு தேர்வது என்பதே அதன் முதற் கேள்வி. ஓட்டம் குறைந்தால் பாசி சோரும், மிகுந்தால் அறுந்து போகும். அறுந்த துண்டு எங்கே போகும் என்ற கேள்வியும் உண்டு. வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து வளர்த்த கப்பாபைக்கஸ் என்னும் பாசி, இராமேசுவரத்துக்கு அண்மையிலுள்ள கிருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர் 2008-இல் அறிவித்தனர். நீர் ஊட்டும், உலைக்கும். அத்துடன், நாம் விரும்பாத இடத்துக்கும் கொண்டு செல்லும்.

முத்தாயினும் பாசியாயினும், கடலைப் பயன்கொள்ள விழைவோர் முதலில் அதன் அடித்தளத்தையும் அசைவையும் அறிதல் வேண்டும். அவ்வறிவு ஒரு முறை ஆழம் அளந்ததனால் வருவதன்று. பருவக்காற்றின் முன்னும் பின்னும் அதே இடத்துக்குச் சென்று, இருந்தது எது, இல்லாமற் போனது எது என்று குறித்து வைப்பதனாலேயே வரும். பெரிய பாரின் மேல் ஹோர்னெல் செய்தது அதுவே. புத்தளத்துக் கடலின் கரையில் வாழும் ஆசிரியரும் மாணவரும் அவருடைய நூல்களைத் தேடிப் படிப்பதோடு, தம் ஊர் மீனவர் ஒவ்வொரு பாருக்கும் இட்டிருக்கும் பெயரையும், அதன் ஆழத்தையும், அங்கே எக்காற்றுக்கு நீர் எப்படி ஓடும் என்பதையும் கேட்டுக் குறித்து வைப்பாராயின், அது அவ்வறிஞர் விட்ட பணியைத் தொடர்வதாகும்.